கப் அடிச்சாச்சு, அப்புறம் "ஒரு மேட்ச் கூட தோக்கல"ங்கறதுக்கு தனியா என்ன மதிப்பு?

கேள்வி இதுதான்: சாம்பியன் ஆயாச்சுன்னா ஆயாச்சு, அதுக்கு மேல சீசன் முழுக்க ஒரு மேட்ச் கூட தோக்கலங்கறதுக்கு ஃபேன்ஸ் மனசுல தனியா இடம் இருக்கா, இல்ல அது புள்ளிவிவரப் பைத்தியங்களோட சமாச்சாரமா? கேட்டவர் இங்கிலாந்து லீக்ல ஒரு மேட்ச் கூட தோக்காம கப் அடிச்ச ஆர்சனலோட 2003-04 சீசனையும் அமெரிக்கன் ஃபுட்பால்ல நியூ இங்கிலாந்து பேட்ரியாட்ஸோட 2007 சீசனையும் ஒரே மூச்சுல சொல்லிருந்தார். ரெண்டும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம், சொல்றேன்.

முதல்லயே ஒத்துக்கறேன், நான் ஆர்சனல்காரன். அதனால நான் சொல்றதுல ஒரு பத்து பர்சென்ட் தள்ளுபடி பண்ணிட்டு படிங்க.

என் பதில், இருக்கு, நிறையவே இருக்கு, ஆனா கப் கைல இருக்கறவனுக்கு மட்டும்தான் இருக்கு. அதுவும் அடிக்கடி கப் பாத்த டீமுக்கு அதிகமாவும் பல வருஷம் காஞ்சு கிடந்த டீமுக்கு கொஞ்சம் கம்மியாவும் இருக்கு.

2004 ஏப்ரல் 25ல இருந்து ஆரம்பிக்கறேன். அன்னைக்கு செல்சி நியூகாசில்ல போய் 2-1 தோத்துட்டாங்க, ஆர்சனலுக்கு ஒரு டிரா போதும், அதுவும் எங்கன்னா பங்காளி வீட்லயே, டாட்டன்ஹாமோட வைட் ஹார்ட் லேன்ல. வியேரா மூணாவது நிமிஷமே அடிச்சார், பிரெஸ் இன்னொன்னு, அப்புறம் டாட்டன்ஹாம் ஒன்னு திருப்பிக் கொடுத்து, கடைசி நேரத்துல நம்ம கீப்பர் லேமன் தேவையே இல்லாம ராபி கீனை தள்ளிவிட்டு பெனால்டி கொடுத்து 2-2. பரவால்ல, டைட்டில் முடிஞ்சுது. இன்னும் நாலு மேட்ச் பாக்கி.

சாதாரணமா டைட்டில் முடிவான டீம் பாக்கி மேட்ச எப்படி ஆடும்னு நமக்குத் தெரியும், பெஞ்ச்ல உக்காந்திருக்கற பசங்களுக்கு சான்ஸ் கொடுப்பாங்க, மத்தவங்க ஊருக்கு டிக்கெட் போட்டுட்ட மாதிரி நடப்பாங்க, நாமளும் வேற சேனல் மாத்திடுவோம். ஆனா அந்த நாலு மேட்ச் மாதிரி நான் பயந்து பாத்த மேட்ச் கம்மி. பர்மிங்காம் கூட 0-0. போர்ட்ஸ்மவுத்ல யாகுபு முதல்ல அடிச்சு, ரெயெஸ் சமன் பண்ணி 1-1. ஃபுல்ஹாம்ல வான் டெர் சார் பந்தை வச்சுகிட்டு ஒரு சொதப்பல் பண்ண, அதே ரெயெஸ் தட்டிவிட்டு 1-0. ஆட்டத்துல அழகே இல்ல, கால்ல கல்லு கட்டின மாதிரி ஆடினாங்க. டைட்டிலுக்கு ஆடும்போது இல்லாத பதட்டம் டைட்டில் வாங்கினப்புறம் வந்துச்சு.

கடைசி மேட்ச் மே 15, லெஸ்டர் கூட எங்க சொந்த மைதானம் ஹைபரில. அப்ப நான் திருவல்லிக்கேணில ஒரு மேன்ஷன்ல இருந்தேன். அந்த சமயத்துல சென்னைல செட்-டாப் பாக்ஸ் இல்லாம பே சேனல் வராது, மேன்ஷன் ஓனர் அதெல்லாம் வாங்கற ஆளு இல்ல, அதனால ரூம்மேட்டோட சித்தப்பா வீட்டுக்கு ராயப்பேட்டைக்கு போவோம். ரெண்டு நாள் முன்னாடிதான் பார்லிமென்ட் எலெக்‌ஷன் ரிசல்ட் வந்திருக்கு, தமிழ்நாட்டுல 39, புதுச்சேரி 1, நாப்பதும் திமுக கூட்டணிக்கு. சித்தப்பா பழைய கட்சிக்காரர், ரிமோட்ட கைல இருந்து விடவே மாட்டேங்கறார், டெல்லில யார் பிரதமர்னு எல்லா சேனல்லயும் ஓடுது. "கப்புதான் வாங்கியாச்சுன்னு போன மாசமே குதிச்சீங்களேப்பா, இது எதுக்கு?"ன்னு கேட்டார். கிட்டத்தட்ட இதே கேள்விதான்.

எங்களுக்கு பதில் சொல்லத் தெரியல, கெஞ்சி வாங்கினோம். அரை மணி நேரம் கூட ஆகல, பால் டிக்கவ் தலையால முட்டி லெஸ்டர் 1-0. அவர் ஒரு காலத்துல ஆர்சனல்ல இருந்தவர், லெஸ்டர் ஏற்கனவே கீழ் டிவிஷனுக்கு இறங்கியாச்சு, இழக்க ஒன்னுமில்லாத டீம், இப்படிப்பட்டவன்கிட்டதான் மாட்டுவோம்னு தோணுச்சு. ஹாஃப் டைம்ல ரூம்மேட் மொட்டைமாடிக்கு போயிட்டான். செகண்ட் ஹாஃப் ஆரம்பிச்சதும் நம்ம டிஃபெண்டர் ஆஷ்லி கோல்ங்கறவரை கீழ தள்ள, பெனால்டி, ஹென்றி 1-1. அப்புறம் பெர்க்காம்ப் ஒரு பாஸ் கொடுத்தார் பாருங்க, ஊசில நூல் கோக்கற மாதிரி, வியேரா கீப்பரை சுத்தி போய் வலைக்குள்ள போட்டார். 2-1. நான் திரும்பி பாத்தா சித்தப்பாவும் எழுந்து நிக்கறார்.

முடிஞ்சப்புறம் டீ குடிக்கும்போது அவரேதான் சொன்னார், "முப்பத்தொம்போது வந்திருந்தாலும் ஜெயிச்சதுதான்டா, ஆனா நாப்பதுக்கு நாப்பதுன்னு சொல்லும்போது வாய்க்கு ஒரு ருசி இருக்குல்ல, அதானே?" அதேதான் சித்தப்பா. ரிசல்ட் மாறல, சொல்ற விதம் மாறிடுது.

சரி, நம்பருக்கு வருவோம். ஆர்சனல் 38 மேட்ச்ல 26 வெற்றி, 12 டிரா, 90 பாயிண்ட். அடுத்த வருஷம் செல்சி, கோச் மொரீன்யோவோட முதல் சீசன், 95 பாயிண்ட், மொத்த சீசன்ல வாங்கின கோல் வெறும் 15, தோத்தது ஒரே ஒரு மேட்ச், மான்செஸ்டர் சிட்டில அனெல்கா அடிச்ச பெனால்டி. கணக்குப்படி பாத்தா அது ஆர்சனல விட நல்ல சீசன், வாதமே வேண்டாம். 2017-18ல மான்செஸ்டர் சிட்டி 100 பாயிண்ட் எடுத்து ரெண்டு தோத்தாங்க, அதுவும் ஆர்சனல விட மேல. ஆனா பேர் வச்சு கூப்பிடறது எந்த சீசனை? இன்வின்சிபிள்ஸ், அதாவது தோக்கடிக்க முடியாதவங்கன்னு சொன்னா ஃபுட்பால் பாக்காதவன் கூட ஆர்சனல்ங்கறான். செல்சியோட அந்த 95ஐ செல்சிக்காரங்களே ஞாபகப்படுத்தினாதான் உண்டு. 95ஐ சிட்டி 100 எடுத்து தாண்டியாச்சு, அதையும் நாளைக்கு ஒருத்தன் தாண்டலாம், சைபருக்கு கீழ எவனும் போக முடியாது, சமமா வேணா வந்து நிக்கலாம்.

மான்செஸ்டர் யுனைடெட் நண்பர்கள் உடனே "12 டிரா"ன்னு ஆரம்பிப்பாங்க. நியாயமான கிண்டல்தான். அவங்க 1998-99ல லீக்ல மூணு மேட்ச் தோத்து 79 பாயிண்ட்தான் எடுத்தாங்க, ஆனா லீக், எஃப்ஏ கப், சாம்பியன்ஸ் லீக் மூணும் அள்ளிட்டு போனாங்க. ரெண்டுல எது பெருசுன்னு நான் கலந்துகிட்ட சண்டைகளை எண்ணி மாளாது, ஒன்னு கூட முடிஞ்சதில்ல. அந்த சண்டைக்குள்ள போக ஒரு நுழைவுச் சீட்டு வேணுமே, வெறும் லீக் டைட்டில் வச்சிருக்கறவன் ட்ரெபிள்காரன் முன்னாடி வாய திறக்க முடியுமா? எங்களுக்கு அந்த சைபர்தான் சீட்டு.

இதுல இன்னொன்னு இருக்கு, இதை வெளில இருந்து பாக்கறவங்க கவனிக்கறதில்ல. சாதாரண டைட்டில் சீசன்ல செப்டம்பர் மாச டிரா எல்லாம் ஆறு மாசத்துல மறந்துடும். தோக்காத சீசன்ல ஒவ்வொரு மேட்ச்சும் தூணு மாதிரி, ஒன்ன உருவினா கூரை இறங்கிடும், அதனால எதையும் மறக்க முடியாது. 2003 செப்டம்பர்ல போர்ட்ஸ்மவுத் கூட ஹைபரில பின்தங்கி இருந்தப்ப பிரெஸுக்கு கிடைச்ச அந்த பெனால்டி, அவரா விழுந்தாரா தள்ளிவிட்டாங்களான்னு இன்னைக்கும் அடிதடி. ஒரு வாரம் கழிச்சு யுனைடெட்டோட மைதானம் ஓல்ட் டிராஃபர்ட்ல 0-0, வியேரா ரெட் கார்டு வாங்கி போயாச்சு, கூடுதல் நேரத்துல யுனைடெட்டுக்கு பெனால்டி, வான் நிஸ்டல்ராய் அடிச்ச பந்து கிராஸ்பார்ல பட்டு திரும்பி வருது, மேட்ச் முடிஞ்சதும் எங்க டிஃபெண்டர் மார்ட்டின் கீயோன் அவர் மேல எகிறி குதிச்ச அந்த போட்டோவ பாக்காத ஆளு இருக்க மாட்டீங்க. (அந்த ரகளைக்கு கிளப்புக்கு 1,75,000 பவுண்ட் ஃபைன், பல பேருக்கு தடை. பெருமையா சொல்ற விஷயம் இல்ல. ஆனா சொல்லுவோம்.) அந்த பந்து ரெண்டு இஞ்ச் கீழ போயிருந்தா? டைட்டில் அப்பவும் வந்திருக்கும், நீங்க இந்த கேள்வி கேட்டிருக்க மாட்டீங்க.

2004 ஏப்ரல் முதல் வாரம் இன்னும் மோசம். சனிக்கிழமை எஃப்ஏ கப் செமில யுனைடெட்கிட்ட தோல்வி, செவ்வாய்க்கிழமை சாம்பியன்ஸ் லீக் குவார்ட்டர்ல செல்சிகிட்ட தோல்வி, வெள்ளிக்கிழமை லிவர்பூல் கூட ஹாஃப் டைம்ல 1-2. ஒரே வாரத்துல மூணும் போயிடும்னு நினைச்சேன். ஹென்றி பந்தை எடுத்துட்டு ஓடி கேரகர தடுமாற வச்சு போட்ட அந்த கோல், கடைசில 4-2, அவருக்கு ஹாட்ரிக். கவனிங்க, அந்த சீசன்ல ஆர்சனல் மத்த கப்ல எல்லாம் தோத்திருக்கு, ஹைபரிலயே இன்டர் மிலான்கிட்ட 0-3 வாங்கினாங்க. தோக்காததுங்கறது லீக்ல மட்டும்தான், அதை மறைக்க வேண்டியதில்ல.

ஆர்சனல் கோச் வெங்கர் இதுக்கு ஒன்றரை வருஷம் முன்னாடி, 2002ல, ஒரு சீசன் முழுக்க தோக்காம இருக்க முடியும்னு சொன்னார், ஊரே சிரிச்சுது. அக்டோபர்ல எவர்ட்டன்ல 16 வயசு பையன் ஒருத்தன் கடைசி நிமிஷத்துல அடிச்சு கணக்கை முடிச்சு வச்சான், பேரு வெய்ன் ரூனி. அந்த சீசன் டைட்டிலும் போச்சு. ஃபேன் ஒருத்தர் அந்த பேச்சை கிண்டல் பண்ணி அடிச்ச டி-ஷர்ட்டை 2004 கொண்டாட்டத்துல வெங்கர் கைல தூக்கி காட்டினார். அப்புறம் அந்த ஓட்டம் 49 மேட்ச் போய், 2004 அக்டோபர் 24 ஓல்ட் டிராஃபர்ட்ல 2-0ல நின்னுது, அன்னைக்கு பெனால்டி வாங்கினதும் ரெண்டாவது கோல் போட்டதும் அதே ரூனி. சினிமால வச்சா நம்ப மாட்டோம்.

இப்ப அமெரிக்கா பக்கம். அங்க சிஸ்டமே வேற, அப்போ 16 லீக் மேட்ச், அதுக்கப்புறம் பிளே-ஆஃப்ங்கற நாக்-அவுட், கடைசில சூப்பர் பவுல்ங்கற ஃபைனல். பேட்ரியாட்ஸ் 2007ல 16க்கு 16 ஜெயிச்சாங்க, டாம் பிரேடி 50 டச்டவுன் (நம்ம கோல் மாதிரி) பாஸ் போட்டார், பிளே-ஆஃப்ல ரெண்டு ஜெயிச்சு 18-0, அதாவது 18 வெற்றி, தோல்வி சைபர். சூப்பர் பவுல்ல எதிர்ல நியூயார்க் ஜயன்ட்ஸ், அஞ்சு வாரம் முன்னாடிதான் இவங்ககிட்ட தோத்த டீம். டேவிட் டைரி பந்தை ஹெல்மெட்டோட அணைச்சு பிடிச்சார், 35 செகண்ட் இருக்கும்போது டச்டவுன், 17-14. பேட்ரியாட்ஸ் 18-1.

இப்ப 1985 சிகாகோ பேர்ஸ் எடுங்க. அவங்களும் சரியா 18-1தான்! டிசம்பர்ல மயாமில ஒன்னு தோத்து, மத்ததெல்லாம் ஜெயிச்சு, சூப்பர் பவுல்ல 46-10னு, அதுவும் பேட்ரியாட்ஸையே, துவைச்சாங்க. சிகாகோல அந்த டீம இன்னும் சாமியா கும்பிடறாங்க. பேட்ரியாட்ஸ் ஊரான பாஸ்டன்ல 18-1ன்னு சொன்னா மூஞ்சிய திருப்பிப்பாங்க, மத்த ஊர்க்காரங்க அதை கிண்டலுக்குன்னே வச்சிருக்காங்க. ஒரே நம்பர், தோத்த தேதி மட்டும்தான் வேற. நமக்கு புரியற மாதிரி சொன்னா 2023 நவம்பர் 19, அகமதாபாத். பத்து மேட்ச் வரிசையா ஜெயிச்சோமேன்னு யாராவது ஆறுதல் சொன்னா அடிக்கத்தானே தோணுச்சு?

அப்போ கப்தான் எல்லாம்னு நினைச்சா, அதுக்கும் ஒரு கதை இருக்கு. 2009ல இண்டியானாபொலிஸ் கோல்ட்ஸ் 14-0. அடுத்தது சொந்த ஊர்ல நியூயார்க் ஜெட்ஸ். பிளே-ஆஃப்ல முதல் இடம் ஏற்கனவே உறுதி. மூணாவது குவார்ட்டர்ல 15-10 முன்னிலைல இருக்கும்போது கோச் ஜிம் கால்ட்வெல், ஸ்டார் பிளேயர் பெய்டன் மேனிங்கை வெளில எடுத்து உக்கார வச்சார், அடிபட்டுடக் கூடாது, நமக்கு சூப்பர் பவுல்தான் முக்கியம்னு. ஜெட்ஸ் 29-15 ஜெயிச்சாங்க. சொந்த ஃபேன்ஸ், முதல் இடத்துல இருக்கற தங்களோட டீமை, ஸ்டேடியத்துல உக்காந்து "பூ"ன்னு கத்தினாங்க. மேனேஜ்மென்ட் சொன்ன லாஜிக்ல ஒரு ஓட்டை கிடையாது. ஆனா டிக்கெட் வாங்கி வந்தவன் லாஜிக் பாக்க வரல, பேரன்கிட்ட சொல்ல ஒரு கதை கிடைக்கும்னு வந்தான், அதை கைல இருந்து பிடுங்கிட்டாங்க. அதுல வேதனை, அவங்க எதுக்காக விட்டுக்கொடுத்தாங்களோ அந்த சூப்பர் பவுலும் 31-17ல நியூ ஆர்லியன்ஸ் செயின்ட்ஸ்கிட்ட போச்சு. என்னை கேட்டா கோச் பண்ணினது தப்பு. ஆட்டக் கணக்குல சரியா இருக்கலாம், ஆனா தோக்காம இருக்கறது டீமோட சொத்து மட்டும் இல்ல, பாக்கறவனுக்கும் அதுல பங்கு உண்டு, அவனை கேக்காம விக்கக் கூடாது.

தோக்காமலே கப் விட்டவங்களும் இருக்காங்க, இத்தாலில பெருஜியா, 1978-79. 30 மேட்ச், 11 வெற்றி, 19 டிரா, தோல்வி சைபர், ஆனா ரெண்டாவது இடம். அப்போ வெற்றிக்கு ரெண்டு பாயிண்ட்தான், மிலான் 44, இவங்க 41. போர்ச்சுகல்ல பென்ஃபிகா 1977-78லயும், துருக்கில கலாட்டாசராய் 1985-86லயும் இதே கதை, தோக்காம ரெண்டாவது, கோல் வித்தியாசத்துல. பென்ஃபிகா மாதிரி கப் குவிச்ச கிளப்புக்கு அது எரிச்சல். பெருஜியாவுக்கு அது பொக்கிஷம், ஏன்னா சின்ன ஊரு, மிலானோட சரிக்கு சமமா நின்னதே அவங்களுக்கு பெருசு. அதுக்கு முந்தின சீசன்லதான் அவங்க மிட்ஃபீல்டர் ரெனாட்டோ கூரி மேட்ச் நடுவுல மைதானத்துலயே விழுந்து இறந்துபோனார், ஸ்டேடியத்துக்கு இப்பவும் அவர் பேருதான். நான் மேல சொன்ன "கப் இருந்தாதான்"ங்கற விதிக்கு இது ஒரு விலக்கு, ஒத்துக்கறேன்.

காஞ்சு கிடந்த டீம் பத்தி சொன்னேன்ல. யுவென்டஸ் 2011-12ல தோக்காம டைட்டில் அடிச்சாங்க, கோச் கான்ட்டேவோட முதல் வருஷம், 23 வெற்றி 15 டிரா. ஆனா யுவென்டஸ்காரங்களுக்கு அந்த சீசன்னாலே 2006 ஊழல் வழக்குல கீழ் டிவிஷனுக்கு தள்ளப்பட்டப்புறம் மறுபடி எழுந்து வந்த சீசன்தான் முதல்ல ஞாபகம் வரும். பேயர் லெவர்குசன் 2023-24ம் அப்படித்தான். அந்த கிளப்பை ஜெர்மனில "விசெகுசன்"னு நக்கலடிப்பாங்க, எப்பவும் ரெண்டாவதுதான்னு அர்த்தம், 2002ல லீக், ஜெர்மன் கப், சாம்பியன்ஸ் லீக் மூணுலயும் கடைசி வரை போய் மூணையும் விட்டவங்க. சாபி அலோன்சோ கோச்சா வந்து 34 மேட்ச்ல 28 வெற்றி, 6 டிரா. ஏப்ரல் 14 வெர்டர் பிரெமனை 5-0 அடிச்சு முதல் முறையா டைட்டில் வாங்கினப்ப ஆட்டம் முடியறதுக்குள்ளயே ஜனம் மைதானத்துக்குள்ள இறங்கிடுச்சு. அந்த சந்தோஷத்துக்கு சைபர் தேவையே படல.

ஆனா அதுக்கப்புறம் நடந்ததுதான் வேடிக்கை. ஸ்டாப்பேஜ் டைம்ல, 96வது 97வது நிமிஷத்துல சமன் பண்றதை ஒரு பழக்கமாவே வச்சுகிட்டாங்க, டார்ட்மண்ட் கூட, ஸ்டுட்கார்ட் கூட, அப்புறம் யூரோப்பா லீக்ல ரோமா கூட. டைட்டில் கைல இருக்கு, ஃபைனலுக்கும் போயாச்சு, ஆனாலும் தோக்கக்கூடாதுன்னு ஓடறாங்க. 51 மேட்ச் அப்படியே போய், மே 22 டப்ளின்ல யூரோப்பா ஃபைனல்ல அட்டலாண்டாகிட்ட 3-0, லுக்மேன் ஹாட்ரிக். மூணு நாள்ல ஜெர்மன் கப் ஜெயிச்சு ரெண்டு கப்போட சீசன முடிச்சாங்க. அந்த ஒரு தோல்விக்கு யாரும் அவங்களை பேட்ரியாட்ஸ் மாதிரி கிண்டல் பண்ணல. லீக் சைபர் அப்படியே இருக்குல்ல.

சரி, ஆர்சனல்காரன்கிட்ட கேக்க வேண்டிய கஷ்டமான கேள்வி: அந்த சைபரை கொடுத்துட்டு அதே வருஷ சாம்பியன்ஸ் லீக் எடுத்துக்கறியா? செல்சிய தாண்டியிருந்தா அந்தப் பக்கம் மொனாக்கோ, ஃபைனல்ல போர்ட்டோ, அதவிட சுலபமான வழி கிடைக்காது. 2004ல கேட்டிருந்தா யோசிக்காம கொடுத்திருப்பேன், எந்த ஆர்சனல்காரனும் கொடுத்திருப்பான். அப்புறம் 2006 ஃபைனல் பார்சிலோனாகிட்ட போச்சு, லீக் டைட்டில் இருபது வருஷத்துக்கு மேல எட்டிக்கூட பாக்கல, அந்த வறட்சில எங்க கைல இருந்தது இது ஒன்னுதான். 2018ல வெங்கர் கிளம்பும்போது கிளப் அவருக்கு கொடுத்ததும் அந்த சீசனுக்காக செஞ்ச தங்க டிராஃபிதான். இன்னைக்கு கேட்டா கொடுக்க மாட்டேன். சரியான முடிவான்னு கேக்காதீங்க.

அமெரிக்கால 1972 மயாமி டால்ஃபின்ஸ்தான் பிளே-ஆஃப், சூப்பர் பவுல் எல்லாம் சேர்த்து தோக்காம முடிச்ச ஒரே என்எஃப்எல் (அமெரிக்கன் ஃபுட்பாலோட பெரிய லீக்) டீம், 17-0. ஒவ்வொரு வருஷமும் கடைசியா தோக்காம இருக்கற டீம் தோத்ததும் அந்த பழைய பிளேயர்ஸ் ஷாம்பெயின் உடைப்பாங்கன்னு ஒரு கதை, கொஞ்சம் மசாலா தூவினதுதான், ஆனா அந்த மனசு எனக்கு புரியுது. 2020 பிப்ரவரி 29, சனிக்கிழமை ராத்திரி பதினோரு மணி, லிவர்பூல் வாட்ஃபோர்ட்ல ஆடறாங்க. 27 மேட்ச்ல 26 வெற்றி ஒரு டிரா, லீக்ல 44 மேட்ச் தோக்கல, எங்க 49க்கு இன்னும் அஞ்சுதான். ஆர்சனலுக்கு சம்பந்தமே இல்லாத மேட்ச்சை நான் வாட்ஃபோர்ட் துண்டு போட்ட ஆளு மாதிரி உக்காந்து பாக்கறேன். வாட்ஃபோர்டோட இஸ்மாயிலா சார் ரெண்டு, ட்ராய் டீனி ஒன்னு, 3-0. லிவர்பூல் நண்பனுக்கு உடனே மெசேஜ் போட்டேன். முப்பது வருஷமா லீக் டைட்டிலுக்கு காத்திருக்கறவன் அவன், "போடா, 22 பாயிண்ட் முன்னால இருக்கோம், கப் வருது, உனக்கு வேற வேலை இல்லையா"ன்னு பதில் போட்டுட்டு தூங்கப் போயிட்டான். நான் ஹைலைட்ஸ் வரைக்கும் முழிச்சிருந்தேன்.